50,000 ரூபாய்க்கு பான் கேட்கிறார்கள், 20,000 கோடி யூரோவை எப்படி விட்டார்கள்?

சர்வதேச வங்கிகளின் பணச்சலவை (குற்றத்தில் வந்த பணத்தை நேர்மையான பணமாகக் காட்டும் வேலை) ஊழல்களிலிருந்து என்ன பாடம் கற்கலாம் என்று தலைப்பில் பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். கீழே சேர்த்திருக்கும் நான்கு வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. உங்கள் கணக்கில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டப் போனபோது, பான் கார்டு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே வாரம், எஸ்டோனியாவில் ஒரு டென்மார்க் வங்கியின் கிளை வழியாக ஆயிரக்கணக்கான கோடி போன கதையைப் படித்திருக்கிறீர்கள். மகள் சென்னையில் ஒரு வெளிநாட்டு வங்கியின் மையத்தில் கே.ஒய்.சி. வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஆக, நீங்கள் கேட்பது இதுதான்: அவ்வளவு பணம் போனது அங்கே ஒருவருக்குமா தெரியவில்லை? தெரிந்தே விட்டார்களா? மகள் பார்க்கும் வேலைக்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

என்னைப் பற்றி இரண்டு வரி. கொங்குப் பக்கம் அரசு வங்கிக் கிளைகளில் 14 வருடம் கவுன்ட்டரிலும் கடன் பிரிவிலும் இருந்தேன். பிறகு ஒரு வெளிநாட்டு வங்கியின் சென்னை மையத்தில், சந்தேகப் பரிவர்த்தனைகளைப் பார்க்கும் பிரிவில் 11 வருடம். இப்போது ஓய்வு. கீழே சொல்லப்போகும் எந்த வழக்கிலும் நான் விசாரணை அதிகாரியாக இருந்ததில்லை. அந்த வங்கிகள் தாங்களே வெளியிட்ட அறிக்கைகள், கண்காணிப்பு அமைப்புகளின் உத்தரவுகள், நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டவை, இவ்வளவுதான் எனக்கு ஆதாரம். வங்கிக்குள் இந்த வேலை எப்படி நடக்கும் என்பது மட்டும் சொந்த அனுபவம். இரண்டையும் கலக்காமல் சொல்லப் பார்க்கிறேன்.

தெரியாதா என்றால், தெரியும். அதுவும் காற்றுவாக்கில் இல்லை, எழுத்தில். நீங்கள் படித்த டான்ஸ்கே வங்கிக் கதையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் இந்த அளவுக்கு உள்விவரம் வெளியே வந்த வழக்கு குறைவு. டென்மார்க்கின் மிகப் பெரிய வங்கி அது. 2007 தொடக்கத்தில் பின்லாந்தின் சம்போ வங்கியைச் சுமார் 400 கோடி யூரோவுக்கு வாங்கியது. அந்த மூட்டையோடு எஸ்டோனியத் தலைநகர் டாலினில் இருந்த ஒரு சின்ன வங்கியும் சேர்ந்து வந்தது, பிறகு டான்ஸ்கேயின் கிளையானது. அந்தச் சின்ன வங்கிக்கு ஒரு தனிப் பிரிவு இருந்தது: எஸ்டோனியாவில் வசிக்காத வாடிக்கையாளர்கள். ரஷ்யா, அஜர்பைஜான், உக்ரைன் பக்கத்துப் பணம். ஆனால் கணக்கு வைத்திருந்தவை பெரும்பாலும் பிரிட்டனிலும் பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளிலும் பதிவான கம்பெனிகள். எஸ்டோனியாவின் மொத்த மக்கள்தொகையே 13 லட்சம்தான், நம் சராசரி மாவட்டம் ஒன்றைவிடக் குறைவு. அங்கே ஒரு கிளை வழியாக 2007 முதல் 2015 வரை சுமார் 20,000 கோடி யூரோ போய்வந்திருக்கிறது. வருடக் கணக்கில் பிரித்தால், அந்த நாடு முழுக்க ஒரு வருடத்தில் ஈட்டும் மொத்த உற்பத்தி மதிப்புக்கு ஏறக்குறைய சமம்.

இனி தேதிகளைப் பாருங்கள். வாங்கிய அதே 2007ஆம் ஆண்டில் எஸ்டோனியக் கண்காணிப்பு அமைப்பு அந்தக் கிளையைச் சோதித்துக் குறை சொன்னது. அதே ஆண்டு ரஷ்ய மத்திய வங்கி டென்மார்க்குக்குக் கடிதம் எழுதியது: இந்த வாடிக்கையாளர்கள் சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைகளில் தொடர்ந்து ஈடுபடுகிறார்கள், தொகை மாதம் பல நூறு கோடி ரூபிள் என்று. பணம் கிளம்பும் ஊர்க்காரனே வந்து எச்சரித்துவிட்டுப் போகிறான். அடுத்த ஆண்டு பால்டிக் பகுதிக் (எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா) கிளைகளின் கணினி அமைப்பைத் தலைமையகத்தோடு இணைக்கும் திட்டம் வந்தது. செலவு அதிகம் என்று கைவிட்டார்கள். கிளையின் ஆவணங்கள் பலவும் எஸ்டோனிய மொழியிலும் ரஷ்ய மொழியிலும் இருந்தன. தலைமையகம் இருக்கும் கோபன்ஹேகனில் இருந்தவர்களுக்கு அந்தக் கிளை ஒரு லாப எண்ணாக மட்டுமே தெரிந்தது. உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க ஜன்னலே இல்லை. ஜன்னல் வைக்கப் பணம் இல்லை என்று முடிவெடுத்தவர்களும் அவர்களேதான்.

அந்த லாப எண் எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மற்றது புரியும். ஒதுக்கிய மூலதனத்தோடு ஒப்பிட்டால் அந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் பிரிவு தந்த லாபம் 2013இல் 400 சதவீதத்தையும் தாண்டியது. வங்கிக் குழுமம் முழுவதுக்கும் ஒற்றை இலக்க சதவீதம்தான். நம் ஊரில் தெருமுனைப் பெட்டிக்கடை ஒன்று ஒரு வருடத்தில் பங்களா கட்டினால் ஊரே கேள்வி கேட்கும். இங்கே கேட்க வேண்டியவர்கள் பாராட்டினார்கள். நான் இத்தனை வருடத்தில் கற்றதில் இதைத்தான் முதலில் வைப்பேன்: கம்ப்ளையன்ஸ் (விதிகளைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்கும் பிரிவு) அறிக்கையைப் படிப்பதற்கு முன் லாப அறிக்கையைப் படிக்க வேண்டும். கடன் கொடுக்காமல், ரிஸ்க் எடுக்காமல், வெறுமனே பணத்தை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் அனுப்பும் தொழிலில் இவ்வளவு கமிஷனை ஒருவன் மனமுவந்து கொடுக்கிறான் என்றால், வேறெங்கும் கிடைக்காத ஏதோ ஒன்றை இங்கே வாங்குகிறான். கேள்வி கேட்காமல் இருப்பதற்கு அவன் கொடுக்கும் விலை அது.

2013 டிசம்பர் 27. கிறிஸ்துமஸ் முடிந்து இரண்டாம் நாள். பால்டிக் பகுதியின் வர்த்தகப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஹோவர்ட் வில்கின்சன் என்ற பிரிட்டிஷ்காரர் தலைமையகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். கிளை தெரிந்தே குற்றவாளிகளோடு தொழில் செய்கிறது என்பது அதன் சாரம். அவர் பிடித்த நூல் மிகச் சாதாரணமானது. லந்தானா டிரேட் என்ற பிரிட்டிஷ் கூட்டாண்மை நிறுவனத்தின் கணக்கு அங்கே இருந்தது. பிரிட்டனின் நிறுவனப் பதிவகத்தில் அது என்ன கணக்குக் காட்டியிருக்கிறது என்று பார்த்தார். வியாபாரமே நடக்காத, செயலற்ற நிறுவனம் என்று தாக்கல் செய்திருந்தது. இங்கே கிளைக் கணக்கிலோ பெரும் தொகைகள் புரண்டுகொண்டிருந்தன. எவரும் பார்க்கக்கூடிய ஒரு பதிவேட்டையும் தன் மேசையில் இருந்த கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான் அவர் செய்த துப்பறிதல்.

வங்கியின் உள்தணிக்கைக் குழு 2014 தொடக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு அவர் சொன்னது சரிதான் என்றது. அவர்கள் எழுதியதில் ஒரு விஷயம் எனக்கு மறக்கவே மறக்காது. கம்பெனிகளின் உண்மையான சொந்தக்காரர் யார் என்று கோப்புகளில் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, கிளையின் மூத்த ஊழியர் ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன காரணம்: ரஷ்ய அதிகாரிகள் தகவல் கேட்டால் வாடிக்கையாளருக்குச் சிக்கல் வருமே. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது மறதியால் அல்ல, வாடிக்கையாளர் சேவையாக. கே.ஒய்.சி. என்றால் வாடிக்கையாளரைத் தெரிந்துகொள்வது என்று மகளுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். டாலினில் அது தலைகீழாக நடந்தது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் அங்கே விற்பனைப் பொருள்.

இதன் பிறகும் கணக்குகள் உடனே மூடப்படவில்லை. அந்தப் பிரிவை முழுதாக மூடி முடிக்க 2016 ஜனவரி ஆனது. மின்னஞ்சல் போய் இரண்டு வருடத்துக்கு மேல். வில்கின்சன் 2014இலேயே வேலையை விட்டுப் போனார், வெளியே பேசக் கூடாது என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு. 2017இல் பெர்லிங்ஸ்கே என்ற டேனிஷ் நாளிதழ் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. 2018 செப்டம்பரில் வங்கி அமர்த்திய சட்ட நிறுவனத்தின் அறிக்கை வந்தது, தலைமை நிர்வாகி தாமஸ் போர்கன் பதவி விலகினார். 15,000 வாடிக்கையாளர்கள், 95 லட்சம் பரிவர்த்தனைகள் ஆராயப்பட்டன. கிளையின் ஊழியர்களும் முகவர்களுமாக 42 பேர் மேல் சந்தேகம் என்று அறிக்கை சொன்னது. 2022 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் வங்கி குற்றத்தை ஒப்புக்கொண்டு 200 கோடி டாலருக்கு மேல் இழந்தது. அங்கே ஒப்புக்கொண்ட குற்றம் என்ன தெரியுமா? அமெரிக்க வங்கிகளிடம் தன் எஸ்டோனிய வாடிக்கையாளர்களைப் பற்றிப் பொய் சொன்னது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பத்திரிகைகள் இதைச் சரியாகச் சொல்வதில்லை. டாலினில் இருக்கும் கிளை ஒன்று டாலர் அனுப்ப வேண்டுமென்றால், நியூயார்க்கில் இருக்கும் ஒரு பெரிய வங்கியில் அதற்குக் கணக்கு இருக்க வேண்டும். அந்தப் பெரிய வங்கிக்குக் காரஸ்பாண்டென்ட் வங்கி என்று பெயர். டாலர் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேர்ந்தாலும் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான் போகும். அந்தக் கிளைக்கு ஜே.பி. மார்கன், ஜெர்மனியின் டாய்ச்ச வங்கி, பேங்க் ஆஃப் அமெரிக்கா மூன்றும் வாசல்கள். ஜே.பி. மார்கன் 2013இல் கதவைச் சாத்தியது. மற்ற இரண்டும் 2015 வரை திறந்து வைத்திருந்தன. வாசற்காரனுக்கு வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. வீட்டுக்காரன் சொல்வதை நம்ப வேண்டும். வீட்டுக்காரன் பொய் சொன்னான். ஆனால் ஒரு வாசற்காரனுக்கு 2013இல் வந்த சந்தேகம் மற்ற இருவருக்கும் வர இன்னும் இரண்டு வருடம் ஏன் ஆனது என்ற கேள்வி இருக்கிறது. டாய்ச்ச வங்கியை நியூயார்க் மாநில நிதிச் சேவைத் துறை 2020இல் 15 கோடி டாலர் கட்டவைத்ததற்கான காரணங்களில் இந்தக் கிளையோடு வைத்திருந்த உறவும் ஒன்று.

இப்படிப்பட்ட பணம் எப்படிச் சலவை ஆகிறது என்ற கேள்வியும் வரும். நம்மில் பலருக்கு இதைப் பெட்டி நிறைய நோட்டு என்றுதான் கற்பனை வரும். ஒரு முறையை மட்டும் சொல்கிறேன், அது ஒன்றே போதும். 2010 முதல் 2014 வரை ரஷ்யாவிலிருந்து சுமார் 2,000 கோடி டாலர், உக்ரைனுக்குப் பக்கத்துச் சின்ன நாடான மால்டோவா வழியாக வெளியேறியது. பிரிட்டனில் பதிவான பினாமி கம்பெனி அ, இன்னொரு பினாமி கம்பெனி ஆவுக்குப் பெருங்கடன் கொடுத்ததாகக் காகிதம் எழுதுவார்கள். பணம் கைமாறவே இல்லை. அந்தக் கடனுக்கு ரஷ்யக் கம்பெனி ஒன்றும் மால்டோவாக் குடிமகன் ஒருவரும் ஜாமீன். ஆ கடனைக் கட்டவில்லை. அ போய் வழக்குப் போடும். ஜாமீன்தாரரில் ஒருவர் மால்டோவாக்காரர் என்பதால் வழக்கு மால்டோவா நீதிமன்றத்துக்கு வரும். நீதிபதி, ஆமாம் கடன் உண்மை, ரஷ்யக் கம்பெனி கட்ட வேண்டும் என்று உத்தரவிடுவார். இனி ரஷ்யக் கம்பெனி பணத்தை வெளியே அனுப்புவது கடத்தல் இல்லை, கோர்ட் உத்தரவுக்குக் கட்டுப்படுவது! பணம் மால்டோவா வங்கியிலிருந்து லாட்வியாவுக்குப் போய் ஐரோப்பியப் பணமாகிவிடும். நான் இதை முதன்முதலில் படித்தபோது, கோபத்துக்கு முன்னால் ஒரு வியப்பு வந்தது, ஒப்புக்கொள்கிறேன். சலவைக்கு நீதிமன்றத்தையே படித்துறையாக்கிவிட்டார்கள்.

டாய்ச்ச வங்கியின் மாஸ்கோ அலுவலகத்தில் நடந்தது இன்னும் எளிது. காலையில் ஒருவர் மாஸ்கோவில் ரூபிள் கொடுத்துப் பெரிய ரஷ்யக் கம்பெனிகளின் பங்குகளை வாங்குவார். அதே அளவு, அதே பங்குகளை அவரோடு தொடர்புள்ள ஒரு வெளிநாட்டுக் கம்பெனி லண்டனில் டாலருக்கு விற்கும். யாருக்கும் லாபமில்லை, கமிஷன் போக நஷ்டம்தான். ஆனால் ரூபிள் டாலராகி வெளியே வந்துவிட்டது. சுமார் 1,000 கோடி டாலர் இப்படிப் போனது. 2017 ஜனவரியில் நியூயார்க்கிலும் லண்டனிலுமாக 60 கோடி டாலருக்கு மேல் அபராதம். நஷ்டத்துக்கே தொடர்ந்து வியாபாரம் செய்யும் வாடிக்கையாளரைப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வியை ஒரு பெட்டிக்கடைக்காரர்கூடக் கேட்பார்.

எல்லாமே இப்படிக் காகித வித்தை என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனின் பெரிய வங்கியான எச்.எஸ்.பி.சி.யின் மெக்சிகோக் கிளைகளில் நோட்டாகவே வந்தது. கவுன்ட்டர் ஜன்னலின் அளவுக்குச் சரியாகப் பொருந்தும்படி செய்த பெட்டிகளில் போதைப்பொருள் பணத்தைக் கொண்டுவந்து கட்டினார்கள் என்பது அமெரிக்க நீதித் துறையின் ஆவணத்தில் இருப்பது. 2007, 2008 இரண்டு ஆண்டுகளில் மெக்சிகோ கிளையிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு 700 கோடி டாலர் ரொக்கம் போனது. அந்தக் காலத்தில் அமெரிக்கக் கிளையின் பட்டியலில் மெக்சிகோ எந்த ரிஸ்க் வகையில் இருந்தது தெரியுமா? மிகக் குறைந்த வகையில். 2012 டிசம்பரில் 190 கோடி டாலர் கட்டி வழக்கை ஒத்திவைத்துக்கொண்டார்கள். எந்தத் தனி நபர் மேலும் குற்ற வழக்கு வரவில்லை.

இங்கே என் கதை ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் தெரிந்தே எப்படி விடுகிறார்கள் என்பது அறிக்கைகளில் புரியாது. கிளையில் இருந்த காலத்தில் நூல் வியாபாரம் என்று சொல்லி ஒருவர் நடப்புக் கணக்கு திறந்தார். தினமும் காலையில் ரொக்கம் கட்டுவார், சாயங்காலத்துக்குள் வடநாட்டு ஊர்களில் நான்கைந்து கணக்குகளுக்குப் போய்விடும். நூல் வாங்கிய சுவடு இல்லை, மின்கட்டணம் இல்லை, கூலி எடுத்த சுவடு இல்லை. மேலாளரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, இன்றைக்கும் மரியாதை வைத்திருக்கிறேன். "தம்பி, மார்ச் வருது. டார்கெட்டுல பாதி அந்த ஆள் கொண்டுவர்ற பிசினஸ். எழுதணும்னா எழுது, ஏப்ரல்ல எழுது" என்றார். ஏப்ரலில் எழுதினேன். அதற்குள் அந்த ஆள் வேறு வங்கிக்குப் போய்விட்டார். மேலாளர் லஞ்சம் வாங்கவில்லை. பொய் சொல்லவில்லை. ஒரு மாதம் தள்ளிப்போட்டார், அவ்வளவுதான். டான்ஸ்கே விவகாரத்தில் 2013ஆம் ஆண்டு நடந்த ஒரு மேல்மட்டக் கூட்டத்தில் இந்த வெளிநாட்டு வாடிக்கையாளர் தொழிலைக் குறைப்பது பற்றிப் பேச்சு வந்தபோது நடுவழி ஒன்று பார்க்கலாம் என்ற கருத்து எழுந்தது கூட்டக் குறிப்பில் இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு அந்த மார்ச் மாதம்தான் நினைவுக்கு வந்தது. தொகைதான் வேறு.

சென்னை மையத்தில் நிலைமை வேறு மாதிரி. மகளுக்கு இது பயன்படும். கணினி சந்தேகம் என்று தூக்கிப் போடும் ஒவ்வொன்றுக்கும் அலர்ட் என்று பெயர். அதில் மிகப் பெரும்பாலானவை வெறும் சத்தம்: சம்பளம் போனஸோடு வந்தது, வீடு விற்றது, கல்யாணம். ஒரு நாளைக்கு இத்தனை முடிக்க வேண்டும் என்று எண்ணிக்கை இருக்கும். ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் ஊரில், தெரியாத மொழியில் பெயர் வைத்த கம்பெனியைப் பற்றி, திரையில் இருப்பதை மட்டும் வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டும். சந்தேகம் என்றால் மேலே அனுப்பலாம். கணக்கை மூடவோ முடக்கவோ நமக்கு அதிகாரம் இல்லை. மேலே போனது என்ன ஆனது என்று பல நேரம் தகவலும் வராது. சட்டப்படியே சில விஷயங்களைச் சொல்லக் கூடாது என்பது உண்மை. ஆனால் அந்த மௌனம் நாளடைவில் ஆளை மரத்துப்போகச் செய்யும் என்பதும் உண்மை. வாடிக்கையாளரோடு பேசுகிறவரின் போனஸ் வாடிக்கையாளரைச் சார்ந்தது. சந்தேகப்படுகிறவர் வாடிக்கையாளரைப் பார்த்ததே இல்லை. மூடும் அதிகாரம் உள்ளவருக்கு அந்தக் கணக்கு ஒரு வரி. மூன்று பேரும் மூன்று நாட்டில். கெட்ட எண்ணம் ஒருவருக்குக்கூட இல்லாவிட்டாலும் பணம் போய்விடும். கெட்ட எண்ணம் ஒருவருக்கு இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கண்காணிப்பு அமைப்புகளும் இதே வலையில்தான் விழுந்தன. டாலினில் இருந்தது டென்மார்க் வங்கியின் கிளை என்பதால் வங்கியின் நிர்வாகம் டென்மார்க்கின் பொறுப்பு, பணச்சலவைச் சோதனை எஸ்டோனியாவின் பொறுப்பு. விஷயம் வெடித்ததும் இரண்டு அமைப்புகளும் ஒன்றையொன்று கை காட்டின. ஐரோப்பிய வங்கி ஆணையம் இருவரும் சட்டத்தை மீறினார்களா என்று விசாரித்து, உறுப்பு நாடுகளின் கண்காணிப்பாளர்களே வாக்களித்து, மீறல் ஏதும் இல்லை என்று 2019 ஏப்ரலில் கோப்பை மூடினார்கள். இதில் எனக்கு எரிச்சல் வரக் காரணம், இது புதுப் பாடம் இல்லை என்பதுதான். பி.சி.சி.ஐ. என்ற வங்கியை வயதானவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1972இல் பாகிஸ்தானியரான ஆகா ஹசன் அபேதி தொடங்கியது. பதிவு லக்சம்பர்க்கிலும் கேமன் தீவிலும், நிர்வாகம் லண்டனில், கிளைகள் எழுபது நாடுகளுக்கு மேல். ஒவ்வொரு நாடும் தன் துண்டை மட்டும் பார்த்தது. முழு வங்கியையும் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் இல்லாதபடி திட்டமிட்டே அமைக்கப்பட்டிருந்தது. 1991 ஜூலை 5 அன்று பல நாடுகள் சேர்ந்து மூடின. சிறுகச் சிறுகச் சேர்த்த புலம்பெயர்ந்த குடும்பங்களின் பணமும் அதில் சிக்கியது. அதற்கு அடுத்த வருடமே, சர்வதேச வங்கி எதுவானாலும் அதை முழுமையாகப் பார்க்க ஒரு தாய்நாட்டுக் கண்காணிப்பாளர் இருந்தாக வேண்டும் என்று, பல நாட்டு வங்கிக் கண்காணிப்பாளர்கள் சேர்ந்த பாசல் குழு விதி எழுதியது. பதினைந்து வருடம் கழித்து டாலின். இப்போது ஐரோப்பிய ஒன்றியம் பணச்சலவைக்கென்றே ஒரு பொது ஆணையத்தை பிராங்பர்ட்டில் அமைத்திருக்கிறது. வரவேற்கிறேன், ஆனால் கைதட்டுவதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

மலேசியாவின் 1எம்.டி.பி. விவகாரத்தை நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு நுணுக்கத்துக்காகச் சொல்ல வேண்டும். அரசு முதலீட்டு நிதியிலிருந்து 450 கோடி டாலர் திருடப்பட்டதாக அமெரிக்க நீதித் துறை கணக்கிட்டது. திருட்டின் ஒரு பகுதிக்குப் பயன்பட்ட தந்திரம் ஒரு பெயர். ஆபார் என்பது அபுதாபியின் உண்மையான அரசு சார்ந்த முதலீட்டு நிறுவனம். அதே பெயர் போலவே பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் ஒரு போலியைப் பதிவு செய்து அதற்குப் பணம் அனுப்பினார்கள். பெயரைப் படித்த எவருக்கும் அபுதாபி அரசுக்குப் போவதுபோல இருந்தது. அதற்கான கடன் பத்திரங்களில் 650 கோடி டாலர் திரட்டிக் கொடுத்த அமெரிக்க முதலீட்டு வங்கி கோல்ட்மன் சாக்ஸ் சுமார் 60 கோடி டாலர் கட்டணம் பெற்றது. அந்த வங்கியின் கம்ப்ளையன்ஸ் பிரிவு ஜோ லோ என்ற இடைத்தரகரைத் தனிப்பட்ட வாடிக்கையாளராக ஏற்க முடியாது என்று பலமுறை மறுத்திருந்தது. ஆனால் அவர் பின்னணியில் இருந்த வியாபாரத்தில், அவருக்குச் சம்பந்தமில்லை என்று வங்கியாளர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டது. முன்வாசலில் நிறுத்தப்பட்டவர் கொல்லைப்புறமாக வந்து விருந்துக்கு உட்கார்ந்துவிட்டார். கம்ப்ளையன்ஸ் வேலை செய்யவில்லை என்று இதைச் சொல்ல முடியுமா? வேலை செய்தது. அது சொன்னதற்கு எடை இல்லை.

இனி, எவ்வளவு தூரம் நம்பலாம் என்பது. 20,000 கோடி யூரோ சலவை ஆனது என்று எங்கே பார்த்தாலும் எழுதுகிறார்கள். அது தவறு. அது அந்த வாடிக்கையாளர்கள் வழியாகப் போய்வந்த மொத்தத் தொகை. அதில் எவ்வளவு அழுக்கு என்று வங்கியின் அறிக்கையே கணக்குச் சொல்லவில்லை. முதலில் ஆராய்ந்த சுமார் 6,200 வாடிக்கையாளர்களில் மிகப் பெரும்பாலோர் சந்தேகத்துக்குரியவர்கள் என்றது, அவ்வளவே. சந்தேகத்துக்குரியவர் செய்த ஒவ்வொரு பரிவர்த்தனையும் குற்றம் ஆகாது. அதேபோல தலைமையகத்தில் யார் யாருக்கு எவ்வளவு தெரியும் என்பது. போர்கன் உட்பட முன்னாள் நிர்வாகிகள் மேல் டென்மார்க்கில் தொடங்கிய குற்ற நடவடிக்கை 2021இல் கைவிடப்பட்டது. ஆகவே அவர் தெரிந்தே செய்தார் என்று நான் எழுத மாட்டேன், நீங்களும் எழுதாதீர்கள். வங்கி என்ற அமைப்புக்குத் தெரியும், அதற்குக் காகிதம் இருக்கிறது. எந்த மனிதருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி. உலகம் முழுக்க ஆண்டுக்கு இத்தனை லட்சம் கோடி சலவை ஆகிறது என்று வரும் எண்களையும் இதே கையால் பிடியுங்கள். 2009க்கு 1.6 லட்சம் கோடி டாலர் என்று ஐ.நா.வின் போதைப்பொருள், குற்றப் பிரிவு சொன்ன மதிப்பீடு இன்றுவரை எல்லோர் வாயிலும் ஓடுகிறது. ஒளித்துச் செய்வதை யாரும் எண்ணிப் பார்க்க முடியாது, அது பழைய ஆய்வுகளின் மேல் கட்டிய ஊகம்.

அபராதம் வங்கிகளைத் திருத்துகிறதா என்பதில் என் கருத்து, கருத்தாகவே சொல்கிறேன்: கொஞ்சம்தான். கட்டுவது பங்குதாரர், போனஸை ஏற்கெனவே வாங்கிச் செலவழித்தவர் அல்ல. 2024 அக்டோபரில் அமெரிக்காவில் கனடாவின் டி.டி. வங்கி சுமார் 300 கோடி டாலர் கட்டச் சம்மதித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டது. எச்.எஸ்.பி.சி. விவகாரம் முடிந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. அங்கே ஒரு சலவைக் கும்பல் கிளை ஊழியர்களுக்கு மொத்தம் 57,000 டாலர் அளவுக்குப் பரிசு அட்டைகள் கொடுத்து 47 கோடி டாலரைக் கட்டியிருக்கிறது. விகிதத்தைப் பாருங்கள். இவ்வளவு மலிவா என்று எனக்கே சங்கடமாக இருந்தது.

அப்படியானால் உங்கள் 50,000 ரூபாய்? அது வருமான வரி விதி. குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் எண் வேண்டும், எண் இல்லாதவர் அதற்கான உறுதிமொழிப் படிவம் தர வேண்டும், யோசிக்க இடமில்லை. ஒரு மாதத்தில் 10 லட்சத்தைத் தாண்டும் ரொக்கமும் டில்லியில் இருக்கும் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குத் தானாகவே அறிக்கையாகப் போகும். இவை வரம்பு விதிகள். சின்னவன் இதில் மாட்டுவான், ஏனென்றால் அவனிடம் இருப்பது தன் சொந்தப் பெயரும் ரொக்கமும் மட்டும். பெரியவனிடம் பதிவுச் சான்றிதழ், இயக்குநர் கடவுச்சீட்டு நகல், கோர்ட் உத்தரவு எல்லாம் இருக்கும். வரம்பு விதியால் அவனைத் தொட முடியாது. அவனைப் பிடிக்க, இந்தக் காகிதம் எதற்காக இருக்கிறது என்று ஒருவர் யோசிக்க வேண்டும், யோசித்ததைச் சொன்னால் கேட்க ஒருவர் இருக்க வேண்டும். கவுன்ட்டரில் உங்களைத் திருப்பி அனுப்பியவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் பார்த்தது வரம்பு விதியைத்தான்.

மகளுடைய வேலைக்கு அர்த்தம் உண்டா என்றால், உண்டு. டான்ஸ்கே வழக்கு நின்றதே எழுத்தில் இருந்தவற்றால்தான்: 2007இன் கடிதம், 2013இன் மின்னஞ்சல், 2014இன் தணிக்கைக் குறிப்பு. அவளிடம் இதைச் சொல்லுங்கள். அலர்ட்டை முடிக்கும்போது விளக்கம் திருப்திகரம் என்று மட்டும் எழுதக் கூடாது. அந்த விளக்கத்தை யார் கொடுத்தார், வாடிக்கையாளரா, அவருடைய கணக்கைப் பார்க்கும் அதிகாரியா, எந்தத் தேதியில், எந்தக் காகிதத்தைக் காட்டி என்று எழுதட்டும். பிரிட்டிஷ் கம்பெனி என்றால் அந்த நாட்டுப் பதிவேட்டைத் திறந்து, காட்டிய கணக்கும் ஓடும் கணக்கும் ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடட்டும், ஐந்து நிமிட வேலை. அதையும் மீறி மேலே இருப்பவர் மூடு என்றால், மூடச் சொன்னவரின் பெயரை அந்தப் பதிவிலேயே எழுதிவிட்டு மூடட்டும். நான் பார்த்தவரையில் பெயரை எழுதப்போகிறேன் என்றதும் பாதிப்பேர் இன்னொரு முறை பார்க்கலாம் என்று சொல்லிவிடுவார்கள்.